பாரி மகளிர் பாட்டைக் கூடி வாசிப்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலும் மேலூர், நத்தம், சிங்கம்புணரி பக்கத்திலும் மொட்டை மாடியிலோ நூலக அறையிலோ பத்துப் பேராகக் கூடிக் கவிதை வாசிக்கிறவர்கள் புறநானூற்றின் 112ஆம் பாட்டை எடுக்கும்போது எழும் கேள்விகள் இவை. தந்தையையும் மண்ணையும் ஒருசேர இழந்தவர்களின் பாட்டு அது. கேட்பவர்கள் அதை எப்படி எதிர்கொள்கிறார்கள், பேச்சு எங்கே தடம் மாறுகிறது, நடத்துகிறவர் அப்போது என்ன செய்யலாம் என்பதற்கே இங்கே இடம் அதிகம்.

முதலில் பாட்டைத் தாருங்கள். பின்னணி எவ்வளவு சொல்ல வேண்டும்?

அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்
எந்தையும் உடையேம், எம் குன்றும் பிறர் கொளார்;
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவின்
வென்று எறி முரசின் வேந்தர் எம்
குன்றும் கொண்டார், யாம் எந்தையும் இலமே.

அன்றைய திங்களின் அந்த வெண்ணிலவில் எங்களுக்குத் தந்தை இருந்தார், எங்கள் குன்றையும் பிறர் கொள்ளவில்லை. இன்றைய திங்களின் இந்த வெண்ணிலவில், வென்று முரசு அறைந்த வேந்தர்கள் எங்கள் குன்றையும் கொண்டுவிட்டார்கள், எங்களுக்குத் தந்தையும் இல்லை. இதுதான் பொருள்.

பின்னணியாக மூன்று வாக்கியம் போதும். பறம்பு நாட்டை ஆண்டவன் வேள் பாரி. மூவேந்தரும் சேர்ந்து அவன் மலையை முற்றுகையிட்டார்கள். அவன் இறந்தபின் அவன் மகளிர் பாடிய பாட்டு இது. முல்லைக்குத் தேர் கொடுத்த கதையை இப்போது எடுக்காதீர்கள். எடுத்தால் கூட்டம் வள்ளல் பாரியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடும், பாட்டில் பேசுகிற பெண்கள் பின்னால் போய்விடுவார்கள்.

ஐந்து வரிக்கு ஒன்றரை மணி நேரம் எதற்கு?

பாட்டைச் சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகாது. நேரம் கேட்பவர்களுக்குத்தான் தேவை. இழப்பைப் பற்றிய பாட்டைக் கேட்டதும் முதலில் வாய்க்கு வருவது பழகிய பேச்சு: "ரொம்ப உருக்கமா இருக்கு", "அருமையான பாட்டு". அது தீர்ந்த பிறகுதான் ஒவ்வொருவரும் தாம் உண்மையில் கேட்டதைச் சொல்லத் தொடங்குவார்கள். அதற்குப் பொதுவாக அரை மணி நேரமாவது போகும். இருபது நிமிடத்தில் முடித்துக்கொள்ளும் கூட்டம் பழகிய பேச்சோடு கலைந்துவிடுகிறது.

எத்தனை பேர்? எங்கே, எப்போது கூடலாம்?

எட்டு முதல் பன்னிரண்டு பேர். ஆறுக்குக் கீழே போனால் ஒவ்வொருவரும் பேசியே ஆகவேண்டிய நெருக்கடி வந்துவிடுகிறது. பதினைந்தைத் தாண்டினால் கூச்சக்காரர்கள் வாயே திறப்பதில்லை. வட்டமாக உட்காருங்கள், மைக் வேண்டாம்.

நிலாப் பாட்டு என்பதால் பௌர்ணமி மாலையில் மாடியில் வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாக வைக்கலாம். ஆனால் நிலா வெளிச்சத்தில் தாளைப் படிக்க முடியாது என்பதால், வாசிப்பவர் ஐந்து வரியையும் மனப்பாடம் செய்திருக்க வேண்டும். கைபேசி விளக்கை அடித்துப் படித்தால் நிலவுக்காகக் கூடிய காரணமே கெட்டுவிடும். சித்திரைப் பௌர்ணமியை மட்டும் விட்டுவிடுங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நேரத்தில் மதுரை நகருக்குள் அமைதியான மாடி கிடைக்காது, வருவதாகச் சொன்னவர்களும் ஆற்றங்கரையில் இருப்பார்கள். ஆவணி, புரட்டாசியில் மழை மேகம் நிலவை மறைக்கலாம் என்பதால் உள்ளே ஓர் அறையும் தயாராக இருக்கட்டும்.

அழைப்பில் என்ன சொல்ல வேண்டும்?

"தந்தையின் இறப்பைப் பற்றிய சிறு பாட்டை வாசிக்கப் போகிறோம்" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அண்மையில் கேதம் நடந்த வீட்டார் வரலாமா வேண்டாமா என்று அவர்களே முடிவு செய்துகொள்வார்கள். சொல்லாமல் வரவழைத்து, உட்கார்ந்த பிறகு இந்தப் பாட்டை எடுப்பது கொடுமை. தலைத்திவசம் முடியாதவர்கள் வரக்கூடாது என்று விதி எதுவும் போட வேண்டாம். சிலருக்கு அந்த ஆண்டில்தான் இது தேவைப்படுகிறது.

எப்படி வாசிப்பது? ஒருமுறை போதாதா?

போதாது. மூன்று முறை, மூன்று குரலில் வாசியுங்கள்.

முதல் வாசிப்பில் யார் கையிலும் தாள் இருக்கக் கூடாது, காதால் மட்டும் கேட்க வேண்டும். அதன்பிறகு தாளைக் கொடுங்கள். தாளில் பாட்டு மட்டும் இருக்கட்டும். உரை, படம், தலைப்பு எதுவும் வேண்டாம். ஏ4 தாளில் பாதி போதும். எழுத்து 18 புள்ளி இருந்தால் வயதானவர்கள் கண்ணாடி தேடமாட்டார்கள். பதம் பிரித்த வடிவத்தையே அச்சிடுங்கள். "எந்தையு முடையேமெங்" என்று சேர்த்து அச்சிட்ட பழைய வடிவம் ஆய்வுக்கு நல்லது, ஆனால் இங்கே பாதிப் பேரைத் தொடக்கத்திலேயே வெளியே நிறுத்திவிடும். இரண்டாம் வாசிப்பு தாளைப் பார்த்தபடி. பிறகு இரண்டு நிமிடம் யாரும் பேசக் கூடாது. கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நடத்துபவர்களே பெரும்பாலும் முப்பது விநாடியில் பொறுமை இழந்து பேசிவிடுகிறார்கள். மூன்றாவதாக, அதுவரை வாசிக்காத ஒருவர், முடிந்தால் கூட்டத்தில் இளையவர், வாசிக்கட்டும். இரண்டு பெண்கள் சேர்ந்து ஒரே குரலாக வாசித்தால் இன்னும் நல்லது. பாட்டில் பேசுவது "நான்" இல்லை, "நாங்கள்". இதை விளக்கிச் சொல்லாமலே அந்த வாசிப்பு உணர்த்திவிடும்.

நான்காம் வரியில் கவனம் வேண்டும். மற்ற வரிகளில் நான்கு சீர் (வரியின் ஓசைப் பிரிவு), அதில் வென்றெறி, முரசின், வேந்தரெம் என்று மூன்றுதான். நேரிசை ஆசிரியப்பா என்ற இந்தப் பாவகையில் ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தைய வரி, அப்படிக் குறைந்துதான் வரும். அந்தக் குறைந்த வரி "எம்" என்பதில் முடிகிறது, குன்று அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. "வேந்தர் எம்" என்று சொல்லி அரை மூச்சு நிறுத்திப் பிறகு "குன்றும் கொண்டார்" என்று தொடர வேண்டும். உரைநடை மாதிரி "வேந்தர் எம்குன்றும் கொண்டார்" என்று ஓட்டிவிட்டால், தொண்டை அடைத்து ஒருகணம் நிற்பது போன்ற அந்த இடம் காணாமல் போகிறது. மேடைப் பழக்கம் உள்ளவர்கள் செய்யும் தவறு வேறு. "வென்று எறி முரசின்" வந்ததும் குரலை உயர்த்திவிடுவார்கள். அந்த முரசு எதிரியுடையது. தோற்றவர்களின் வாயில் அது முழங்காது.

முதல் கேள்வியாக எதைக் கேட்கலாம்?

"எந்த இடத்தில் நின்றீர்கள்?" இது ஒன்றுதான். "பாட்டின் கருத்து என்ன?" என்று கேட்டால் தேர்வறை வந்துவிடும். "உங்களுக்கு என்ன தோன்றியது?" என்று கேட்டால் ஆளாளுக்கு வாழ்க்கைக் கதை சொல்வார்கள், பாட்டு நடுவில் அனாதையாகக் கிடக்கும். நின்ற இடத்தைக் கேட்டால் விரல் தானாகத் தாளில் ஓர் இடத்துக்குப் போகும். பேச்சு அங்கிருந்து எவ்வளவு தூரம் போனாலும் திரும்பி வர ஓர் இடம் கிடைத்துவிடும்.

பொதுவாக வாசகர்கள் எங்கே நிற்கிறார்கள்?

பெரும்பாலானோர் கடைசி மூன்று சொற்களில் நிற்பார்கள்: "யாம் எந்தையும் இலமே". ஏன் அங்கே என்று கேளுங்கள். உடனே பதில் வராது. முதல் பாதியில் எது முன்னால் வருகிறது, இரண்டாம் பாதியில் எது முன்னால் வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அன்று: தந்தை, பிறகு குன்று. இன்று: குன்று, பிறகு தந்தை. வரிசை திருப்பிப் போடப்பட்டிருக்கிறது. முதலில் சொன்ன தந்தையை இரண்டாம் முறை சொல்லாமல் தள்ளிக்கொண்டே போய், நாடு போனதைச் சொல்லி, வேறு சொல்ல எதுவுமில்லை என்ற நிலையில்தான் அந்தப் பெண்கள் அதைச் சொல்கிறார்கள். வீட்டில் இறப்பு நடந்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். தொலைபேசியில் ஊர் நிலவரம், மழை, ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில்தான் "அப்பா போயிட்டாரு" என்று வாய் திறக்கும்.

இன்னொரு கூட்டம் நிலவில் நிற்கும். இங்கேதான் வாசகர்கள் இரண்டாகப் பிரிவார்கள், அந்தப் பிரிவை நடத்துபவர் தீர்த்துவைக்கக் கூடாது. ஒரு சாரார், நிலா மட்டுமாவது மிஞ்சியதே, அது அப்பாவைப் பார்த்த நிலா என்று ஆறுதல் கொள்வார்கள். மற்றவர்களுக்கு அதே நிலா பொறுக்காது. இவ்வளவு நடந்தபிறகும் எதுவுமே நடக்காத மாதிரி அது எப்படி வெள்ளையாக வரலாம் என்பார்கள். பாட்டு இருவருக்கும் இடம் தருகிறது. முதல் வரியையும் மூன்றாம் வரியையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பார்த்தால் சுட்டு மட்டுமே மாறியிருக்கிறது, நிலவுக்கான அடைமொழி மாறவில்லை. ஆறுதலா கொடுமையா என்று கவிஞர்கள் சொல்லவில்லை. இரண்டு கருத்தும் எழுந்த பிறகு "பாட்டில் எதற்கு ஆதாரம் இருக்கிறது?" என்று கேட்டு, எல்லோரும் தாளைத் திரும்பப் பார்க்கும்வரை காத்திருங்கள். அந்தக் காத்திருப்பு இந்தக் கூட்டத்தின் மிக நல்ல பகுதியாக இருக்கும்.

மூன்றாவதாக, கொஞ்சம் தாமதமாக யாராவது ஒருவர் இதைக் கண்டுபிடிப்பார்: முதல் பாதி மகிழ்ச்சியான காலம் இல்லை. "எம் குன்றும் பிறர் கொளார்" என்று சொல்லவேண்டிய நிலை அப்போதே இருந்திருக்கிறது. பகைவர் மலையைச் சுற்றி நின்ற காலத்தைத்தான் இந்தப் பெண்கள் நல்ல காலமாக நினைத்துப் பார்க்கிறார்கள். நோயாளியை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டு, பிறகு இழந்தவர்கள் இந்த இடத்தில் சட்டென்று நிமிர்வார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் கழிந்த இரவுகள்கூடப் பின்னால் "அப்போ அவரு இருந்தாரு" என்று ஆகிவிடுவதை அவர்கள் அறிவார்கள். யாரும் தாமாகக் கண்டுபிடிக்காவிட்டால், அரை மணி நேரம் கழித்து நீங்கள் ஒரு கேள்வியாக எடுத்துக் கொடுக்கலாம்.

"இதில் அழுகையே இல்லையே, ஒப்பாரி இதைவிட நெஞ்சைப் பிடிக்குமே" என்கிறார்கள். என்ன சொல்வது?

சரியான கவனிப்பு என்று சொல்லுங்கள், ஏனென்றால் அது உண்மையிலேயே சரி. உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் ஒப்பாரியைக் காதாரக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் இந்தப் பாட்டில் எது இல்லை என்பதை மற்றவர்களுக்கு முன் கண்டுகொள்கிறார்கள். ஒப்பாரி இறந்தவரைக் கூப்பிடும், கேள்வி கேட்கும், குற்றம் சொல்லும், அவர் இருந்தபோது வீடு இருந்த அழகை அடுக்கும். இந்தப் பாட்டில் "எந்தையே" என்ற விளி இல்லை, கேள்வி இல்லை, "ஐயோ" இல்லை. ஆனால் அன்று இப்படி, இன்று இப்படி என்று இரண்டையும் பக்கத்தில் வைக்கும் முறை ஒப்பாரியிலும் உண்டு. ஒப்பாரி தெரிந்தவர் இருந்தால் அந்த முறையை விளக்கச் சொல்லுங்கள். பாடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். சாவு வீட்டுக்கு வெளியே அதைப் பாடக் கூடாது என்று நினைப்பவர்கள் நிறைய.

இன்னொன்றும் கவனிக்கலாம். பாட்டில் அடைமொழி இருப்பவை இரண்டே: நிலவு வெண்ணிலவு, வேந்தர் வென்று எறி முரசின் வேந்தர். தந்தைக்கும் குன்றுக்கும் ஒன்றும் இல்லை. நல்ல தந்தை, வள்ளல் தந்தை, வளமான குன்று என்று எதுவும் சொல்லவில்லை. தன் அப்பாவைப் பற்றித் தமக்குள் பேசிக்கொள்ளும் பிள்ளைகளுக்கு அடைமொழி தேவைப்படுவதில்லை.

ஏற்றுக்கொள்ளல் எங்கே இருக்கிறது? இது வெறும் துக்கம்தானே?

பாட்டு எதையும் ஏற்றுக்கொள்ளச் சொல்லவில்லை. காலம் ஆற்றும் என்றோ எல்லாம் விதி என்றோ ஒரு சொல் இல்லை. வேந்தர்களுக்குச் சாபமும் இல்லை. இருப்பது இவ்வளவுதான்: நடந்ததை நடந்தபடி, கூட்டாமல் குறைக்காமல், தம் வாயாலேயே "இலம்" என்று சொல்லி நிறுத்தியிருக்கிறார்கள். அதுவே பெரிய காரியம். இறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டும் ரேஷன் கார்டில் அப்பாவின் பெயரை நீக்க மனம் வராமல் மாதங்களைக் கடத்துகிறவர்கள் உண்டு. "அப்பா இதை விரும்ப மாட்டாரு" என்று நிகழ்காலத்தில் பேசுவதை விட்டு "விரும்ப மாட்டாரு, இருந்திருந்தா" என்று வாய் மாறுவதற்கு எவ்வளவு நாள் பிடிக்கும் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். பாரி மகளிர் அந்த இடத்தைக் கடந்துவிட்டார்கள் என்று சில வாசகர்களுக்குப் படும். "இலமே" என்பதன் ஏகாரத்தில் இன்னும் நம்பமுடியாத குரலைக் கேட்பவர்களும் உண்டு. ஏற்றுக்கொண்டாகிவிட்டது என்று கூட்டத்தின் முடிவில் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பாட்டே அந்தத் தீர்ப்பைச் சொல்லாமல் விட்டிருக்கும்போது நமக்கு அந்த உரிமை கிடையாது.

யாராவது அழுதால்?

அழட்டும். "அழாதீங்கக்கா", "மனசத் தேத்திக்கங்க" என்று சொல்வதும், முதுகைத் தட்டுவதும், பாட்டை நிறுத்திவிட்டு எல்லோரும் அவரையே பார்ப்பதும் அவரைக் கூச்சப்படுத்தும். மறுமுறை அவர் வரமாட்டார். பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வையுங்கள். அடுத்தவர் உடனே பேசத் தொடங்காமல் ஒரு நிமிடம் விடுங்கள். பிறகு "இன்னொரு தடவை பாட்டைக் கேட்கலாமா?" என்று கேட்டு யாரையாவது வாசிக்கச் சொல்லுங்கள். அதைவிட நல்ல ஆறுதலை அந்த அறையில் யாராலும் தர முடியாது.

அவர் சொன்னதை வாட்ஸ்அப் குழுவில் எழுதக் கூடாது. இதைக் கூட்டத்தின் தொடக்கத்திலேயே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். அடுத்த நாள் ஒருமுறை போன் செய்து விசாரியுங்கள்.

ஒருவேளை "நானும் போயிடலாம்னு இருக்கு" என்கிற மாதிரி ஏதாவது வந்தால், அதைக் கவிதைக்கான எதிர்வினையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கூட்டம் முடியக் காத்திராமல் ஒருவர் அவரோடு தனியாக உட்கார வேண்டும். அவரைத் தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் மனநல உதவி இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் கிடைக்கிறது, தமிழக அரசின் 104 எண்ணும் உண்டு. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

ஒருவர் தன் கதையைச் சொல்ல ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. எப்படித் திருப்புவது?

நான்கைந்து நிமிடம் விடுங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் "ஐயா, நீங்க சொன்னது இதில எந்த வரிக்குப் பக்கத்தில வருது?" என்று கேளுங்கள். பெரும்பாலும் யோசித்து ஒரு வரியைக் காட்டிவிட்டு அமைதியாகிவிடுவார். ஆனால் இன்னொருவர் "இது என்ன, எங்க வீட்டுல நடந்தது..." என்று துக்கத்தை அளக்கத் தொடங்கினால் உடனே தடுக்க வேண்டும். யாருடைய இழப்பு பெரிது என்ற பேச்சு ஒருமுறை புகுந்துவிட்டால், சிறிய இழப்பு என்று கருதப்படுகிறவர்கள் அதன்பின் பேசவே மாட்டார்கள். கருக்கலைந்தவர், ஆடு மாடு செத்தவர், நிலம் விற்றவர் எல்லாம் அதில் அடக்கம். நிலம் போனவர்களுக்கு இந்தப் பாட்டில் சம இடம் இருப்பதை நினைவில் வையுங்கள். குன்றும் இரண்டு முறை வருகிறது, தந்தையும் இரண்டு முறை வருகிறார்.

தமிழாசிரியர் ஒருவர் திணை, துறை, உரை வேறுபாடு என்று ஆரம்பித்துவிட்டார்.

அவரை முன்னமேயே சந்தித்து, கடைசி பதினைந்து நிமிடத்தை அவருக்கென்று ஒதுக்கிவிடுங்கள். பாட்டை வகைப்படுத்தும் பொதுவியல் திணை, கையறுநிலைத் துறை என்பதெல்லாம் தேவையான செய்திதான். ஆனால் முதலில் சொன்னால் "தெரிந்த பாட்டு" என்ற எண்ணம் வந்து, காது மூடிக்கொள்ளும். கடைசியில் சொன்னால், தலைவன் இறந்தபின் செயலற்று நின்றவர் பாடுவது கையறுநிலை என்று கேட்டதும் தாங்கள் அதுவரை பேசியதற்கு ஒரு பெயர் இருந்ததே என்று மகிழ்வார்கள்.

"வேந்தர்" என்றால் பாண்டியனும் உண்டா? மதுரைக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள்.

உண்டு. மூவேந்தரும் சேர்ந்து வந்ததைப் பாரியின் நண்பரான புலவர் கபிலரே 110ஆம் பாட்டில் அவர்களை நோக்கிச் சொல்கிறார்: "மூவிரும் கூடி உடன்றனிர் ஆயினும் பறம்பு கொளற்கு அரிதே". பாரி மகளிரோ எந்த வேந்தனையும் பெயர் சொல்லவில்லை. சேரன் சோழன் பாண்டியன் விவாதம் பத்து நிமிடத்துக்கு மேல் போனால் அதைத் தேநீருக்குத் தள்ளிவையுங்கள். ஒரு நல்ல பயன் மட்டும் உண்டு: வென்றவன் ஊரில் உட்கார்ந்து தோற்றவர்களின் பாட்டை வாசிக்கிறோம் என்பது மதுரை வாசகர்களுக்குச் சுருக்கென்று தைக்கும். தைக்கட்டும்.

அங்கவை, சங்கவை என்ற பெயர்களைச் சொல்லலாமா?

பாரி மகளிருக்கு அந்தப் பெயர்கள் பிற்கால வழக்கு. புறநானூற்றில் "பாரி மகளிர்" என்று மட்டுமே இருக்கிறது.

அற்றைத் திங்களுக்கும் இற்றைத் திங்களுக்கும் இடையில் எவ்வளவு காலம் போயிற்று?

பாட்டில் கணக்கு இல்லை. சரியாக ஒரு மாதம் என்று எடுத்துக்கொள்வது வாசகர்களின் பழக்கம்.

இதோடு வேறு என்ன பாட்டுகளைச் சேர்க்கலாம்? எவற்றைத் தவிர்க்க வேண்டும்?

பேச்சு முடியும் தறுவாயில் கபிலரின் பாட்டு ஒன்றைச் சேர்ப்பது நல்லது. ஒன்றுதான், மூன்று வேண்டாம். எங்கள் தேர்வு 116. பாரியின் மகளிர் இப்போது ஒரு சிறுவீட்டில் இருக்கிறார்கள். முன்பு மலைமேலிருந்து, படையெடுத்து வந்த வேந்தரின் குதிரைகளை எண்ணியவர்கள், இப்போது குப்பை மேட்டில் ஏறி நின்று உப்பு வணிகரின் வண்டிகளை எண்ணுகிறார்கள். 112இல் அந்தப் பெண்கள் தம்மைப் பற்றிச் சொல்லாமல் விட்டதெல்லாம் இங்கே வெளியிலிருந்து தெரிகிறது. இழப்புக்குப் பின்னும் பிள்ளைகள் எதையோ எண்ணி விளையாடத்தான் செய்கிறார்கள் என்பதில் சிலர் ஆறுதல் காண்பார்கள். சிலருக்கு அந்தக் குப்பை மேடுதான் மிகுந்த வலி தரும்.

முற்றுகைக் காலத்துக்கு 109 பொருந்தும். உழவர் உழாமலே மலை தரும் நான்கு விளைவு அதில் வருகிறது: மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன்.

"யாதும் ஊரே" (192) சேர்க்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். சாவைப் புதிதில்லை என்று சொல்லி, பேர்யாற்று நீரின் வழியே போகும் புணையாக (தெப்பமாக) உயிரைப் பார்க்கும் பாட்டு என்பதால் பொருத்தமாகத் தெரியும். அதைப் பாடிய கணியன் பூங்குன்றனாரின் ஊராகச் சொல்லப்படும் மகிபாலன்பட்டியும் பறம்புமலை இருக்கும் சிவகங்கை மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் அதே கூட்டத்தில் வேண்டாம். 112க்குப் பின்னால் 192ஐ வைத்தால், முன்னது நோயாகவும் பின்னது மருந்தாகவும் ஆகிவிடும். அழுதவருக்கு "சாதலும் புதுவது அன்றே" என்று பதில் சொன்ன மாதிரி இருக்கும். அடுத்த மாதம் தனியாக எடுங்கள். அப்போதும் முதல் வரியைத் தாண்டிப் பதின்மூன்று வரியையும் வாசிக்கச் செய்யுங்கள். பலருக்கு முதல் வரிக்குமேல் தெரியாது.

236, 246 இரண்டையும் இழப்பில் இருப்பவர்கள் கலந்துகொள்ளும் கூட்டத்தில் எடுக்காதீர்கள். முன்னதில் கபிலர் பாரியைத் தொடர்ந்து உயிர்விடத் துணிகிறார். பின்னது கணவனின் ஈமத்தீயில் இறங்கத் துணிந்த பெருங்கோப்பெண்டின் பாட்டு. கவிதையாக இரண்டும் உயர்ந்தவை, ஆனால் துக்கத்தின் முடிவாகச் சாவையே காட்டுகின்றன. மனைவியை இழந்தவர்களுக்கு 245 பொருத்தம். மனைவியின் சிதையைப் பார்த்தபிறகும் "இன்னும் வாழ்வல்" என்று தன்னைக் கண்டே திகைக்கும் சேரமான் ஒருவனின் பாட்டு அது.

எழுதச் சொல்லலாமா?

கூட்டத்தின் நடுவே ஐந்து நிமிடம் போதும். கவிதை எழுதச் சொல்லாதீர்கள், கையே ஓடாது. பாட்டின் அமைப்பை மட்டும் கொடுங்கள்: "அன்று..." என்று தொடங்கி இரண்டு வரி, "இன்று..." என்று தொடங்கி இரண்டு வரி. இரண்டிலும் மாறாமல் வரும் பொருள் ஒன்று வேண்டும்: திண்ணை, வேப்பமரம், காலை ஐந்தரை மணி பஸ், எதுவானாலும் சரி. அடைமொழி வேண்டாம், "பாசமான", "அன்பான" எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அப்படிச் சொன்னால்தான் எழுத்து திடமாக வருகிறது. வாசித்துக் காட்டுவது அவரவர் விருப்பம். தாளைத் திரும்ப வாங்காதீர்கள்.

பிள்ளைகளோடு வாசிக்கலாமா?

ஒன்பதாம் வகுப்புக்கு மேல் தாராளமாக. வகுப்பில் தாயையோ தந்தையையோ இழந்த பிள்ளை இருந்தால் முந்தைய நாளே தனியாகச் சொல்லி, வரவேண்டாம் என்றால் வேறு வேலை கொடுங்கள். அந்தப் பிள்ளையை எழுப்பி "நீ சொல்லு" என்று கேட்பது கூடவே கூடாது. தந்தை என்ற இடத்தில் பிள்ளைகள் பெரும்பாலும் தாத்தா பாட்டியை வைத்துப் பேசுவார்கள், நண்பன் ஊர்மாறிப் போனதை வைத்தும் பேசுவார்கள். திருத்த வேண்டாம்.

பறம்புமலைக்கே போய் வாசித்தால் என்ன?

நல்ல எண்ணம். பறம்புமலை என்று சொல்லப்படுவது சிங்கம்புணரி வட்டத்துப் பிரான்மலை. மதுரையிலிருந்து 60 கிலோமீட்டருக்குச் சற்று மேல். மேலூர், சிங்கம்புணரி வழியாகப் போகலாம். அடிவாரத்தில் சம்பந்தர் பாடிய கொடுங்குன்றநாதர் கோயில், மலை உச்சியில் தர்கா. வழியில் திருவாதவூருக்கும் போய்வரலாம். கபிலர் பிறந்த ஊர் அது என்பது மரபு.

மலையேறிவிட்டு வாசிக்காதீர்கள். மூச்சு வாங்கும்போது பாட்டு எடுபடாது, கோயிலுக்கு வருகிறவர்களின் நடமாட்டமும் இருக்கும். ஊருக்கு வெளியே, மலை முழுதாகத் தெரியும் தூரத்தில் நின்று வாசிப்பதே சிறப்பு. கபிலர் 114ஆம் பாட்டில் செய்வதும் அதுதான்: இங்கே நிற்பவர்க்கும் மலை தெரியும், இன்னும் சிறிது தொலைவு போய் நிற்பவர்க்கும் தெரியும் என்கிறார். மாலை நான்கரைக்கு வந்து சேர்ந்தால் வெளிச்சம் இருக்கும்போதே தாளைப் பார்த்து வாசித்துவிட்டு, நிலா எழுந்தபின் நினைவிலிருந்து ஒருமுறை சொல்லலாம். வேன் ஓட்டுநருக்குத் திரும்பும் நேரத்தை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இரவில் மலை ஏறும் பேச்சு வேண்டாம்.

பாட்டும் உரையும் எங்கே கிடைக்கும்?

உ.வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த நூலில் பழைய உரை இருக்கிறது. அந்த உரை 266ஆம் பாட்டுவரைதான் உண்டு என்பதால் 112க்குக் கிடைக்கும். விரிவான விளக்கம் வேண்டுமானால், மதுரை தியாகராசர் கல்லூரியில் பணியாற்றிய ஔவை சு. துரைசாமிப் பிள்ளையின் உரையைப் பாருங்கள். இணையத்தில் மூலம் மட்டும் போதுமென்றால் 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற மின்நூல் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தில் உரையோடும் இருக்கிறது. நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சங்க இலக்கியப் பகுதியில் தேடலாம். சில பதிப்புகளில் "நிலவின்" என்பது "நிலவில்" என்று இருக்கும். கூட்டத்தில் எல்லோர் தாளிலும் ஒரே வடிவம் இருக்கும்படி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சேர்ந்து வாசிக்கும்போது அந்த இடத்தில் குரல் பிசிறும்.